வினைமுற்றுக்குப் பின் மூன்று புள்ளிகள்

“அவ பேசி முடிச்சிட்டா. ஆனா இன்னும் போகல. அதுக்கு என்ன குறி வெப்பீங்க?” நான் புரூஃப் பார்த்த ஒரு கதைத் தொகுப்பின் எழுத்தாளர் போனில் கேட்டது இதைத்தான்.

‘நான் கிளம்பறேன்…’ என்று அவர் எழுதியிருந்ததை ‘நான் கிளம்பறேன்.’ என்று மாற்றியிருந்தேன். அந்த ஒன்றை மட்டுமல்ல, அந்தத் தொகுப்பில் வினைமுற்றோடு முடிந்த வாக்கியங்கள் எல்லாவற்றிலும் முப்புள்ளியை எடுத்துவிட்டு முற்றுப்புள்ளி வைத்திருந்தேன். ‘நீ மட்டும் அன்னிக்கு வந்திருந்தா…’ போல அந்தரத்தில் நிற்பவற்றைத் தொடவில்லை.

தமிழில் வினை கடைசியில்தான் வருகிறது. அது வந்துவிட்டால் வாக்கியத்தில் விடுபட்டது எதுவும் இல்லை. நான் கட்டுரை நூல்களுக்கே அதிகம் புரூஃப் பார்த்தவன். மேற்கோளுக்குள் முப்புள்ளி வைத்தால், இங்கே சில சொற்களை விட்டிருக்கிறோம் என்று வாசகரிடம் சொல்கிறோம். புறநானூற்றுப் பதிப்புகளில் சில பாட்டுகளின் நடுவே வரிசையாகப் புள்ளிகள் நிற்கும். ஏடுகளில் அந்த இடம் கிடைக்கவில்லை. 267, 268ஆம் பாட்டுகள் முழுவதுமே இல்லை. அந்தப் புள்ளிகளைப் பார்த்துப் பழகியவனுக்கு, எதுவும் தொலையாத இடத்தில் புள்ளிகள் உறுத்தத்தான் செய்யும். அதோடு, அவர் பிரதியில் சில இடங்களில் இரண்டு புள்ளி, சில இடங்களில் ஆறு. ஓரிடத்தில் வரி உடைந்து ஒற்றைப் புள்ளி மட்டும் அடுத்த வரியில் கிடந்தது. இதையெல்லாம் ஒழுங்குபடுத்தத்தானே என்னிடம் கொடுக்கிறார்கள்?

ஆனால் அவர் கேட்டதற்கு இது எதுவும் பதில் இல்லை. வினைமுற்று வாக்கியத்தை முடிக்கிறது, சரி. பேசுகிறவள் முடித்துவிட்டாளா? கிளம்புகிறேன் என்று சொல்லிவிட்டு, செருப்பைப் போடாமல் நிற்பவர்களை எத்தனை வீடுகளில் பார்க்கிறோம்!

“‘வாசலிலேயே நின்றாள்’னு அடுத்த வரியில நீங்களே எழுதியிருக்கீங்களே, மேடம்” என்றேன். கொஞ்ச நேரம் அவர் பேசவில்லை. அப்புறம், “சரி, உங்க இஷ்டம்” என்றார்.

நான் சொன்னது நியாயம்தான் என்று இன்றும் நினைக்கிறேன். அடுத்த வரி இருக்கும்போது அதே வேலையைப் புள்ளிகளும் செய்ய வேண்டியதில்லை. ஆனால் அவர் சொன்னது சம்மதமா, சலிப்பா? அச்சுக்குப் போகும் முன் அந்த ஓரிடத்தில் மட்டும் முப்புள்ளியைத் திரும்ப வைத்தேன். மற்ற இடங்களில் வைக்கவில்லை. அதற்கு ஒரு காரணம் சொல் என்றால், அந்த ஓரிடத்தைப் பற்றி மட்டும்தான் அவர் கேட்டார் என்பதைத் தவிர என்னிடம் வேறு எதுவும் இல்லை.

இப்போதெல்லாம் கதைகளில் இப்படிப்பட்ட புள்ளிகளை நானாக எடுப்பதில்லை. ஓரத்தில் பென்சிலால் கேள்விக்குறி போட்டு அனுப்புகிறேன். பெரும்பாலும், ‘எடுத்துடுங்க’ என்றே திரும்பி வருகிறது.