கடைக்காரர் சொன்னதை நம்பி அப்பாவைத் தூண்டில் போடக் கூட்டிப் போனேன்

ஃபுளோரிடாவில் தூண்டில் சாமான் விற்கும் கடைகளில் மீன்பிடி லைசென்ஸும் கொடுப்பார்கள். அதனால் அங்கே நிற்பவருக்குச் சட்டமும் தெரிந்திருக்கும் என்று நினைத்துவிடாதீர்கள்.

கடலூரிலிருந்து வந்திருந்த அப்பாவுக்கு வயது 71. அவருக்கு லைசென்ஸ் கேட்டதும், "65 தாண்டியவருக்குத் தேவையில்லை" என்று தலையை நிமிர்த்தாமலே அனுப்பிவிட்டார் அந்த மனிதர். அப்படி ஒரு விதி உண்டு. ஆனால் அது ஃபுளோரிடாவில் குடியிருப்பவர்களுக்கு மட்டும். 65 ஆகாதவர்கள் கரையில் நின்று மீன் பிடிப்பதற்கான இலவச லைசென்ஸும் அங்கே குடியிருப்பவர்களுக்குத்தான். (இலவசம் என்றாலும் அதை எடுத்து வைத்திருக்க வேண்டும்.) நம் பெற்றோர்போல வந்து போகிறவர்கள் தொண்ணூறு வயதானாலும் பணம் கட்டவேண்டும்.

இதை எங்களுக்கு விளக்கியவர், அட்லாண்டிக் கரையில் உள்ள செபாஸ்டியன் இன்லெட் என்ற முகத்துவாரத்தில் ரோந்து வந்த அதிகாரி. அப்பா உயிர் இறாலை முள்ளில் கோத்து வீசிய நேரம் பார்த்து வந்து நின்றார். என் லைசென்ஸைப் போனிலேயே காட்டினேன். அப்பா பாஸ்போர்ட்டை எடுத்துப் பிறந்த வருடத்தை விரலால் தொட்டுக் காட்டினார். அதிகாரி சிரித்தார், ஆனால் விடவில்லை. முதல் முறை பிடிபட்டால் 50 டாலர் அபராதம், அதோடு லைசென்ஸ் கட்டணமும் சேரும். நல்ல வேளையாக எச்சரிக்கையோடு போய்விட்டார். அவ்வளவு தூரம் வண்டி ஓட்டிப் போய், அப்பா நிழலில் உட்கார்ந்து நான் பிடிப்பதை வேடிக்கை பார்த்ததுதான் மிச்சம்.

மறுபடியும் அதே கடை. இந்த முறை சோஷியல் செக்யூரிட்டி எண் (அமெரிக்க அரசு கொடுக்கும் அடையாள எண்) கேட்கும் கட்டத்தில் மாட்டிக்கொண்டார். அந்த எண் இல்லாமல் கம்ப்யூட்டர் நகராது என்று கையை விரித்தார். வெளிநாட்டவருக்கு அது எங்கிருந்து வரும்? கடை வாசலிலேயே நின்று, பாஸ்போர்ட் எண்ணை வைத்து அரசின் இணையதளத்தில் நானே எடுத்தேன். வெளிமாநிலத்தவர், வெளிநாட்டவர் எல்லாருக்கும் ஒரே கட்டணம்: 3 நாளுக்கு 17 டாலர், 7 நாளுக்கு 30, ஆண்டுக்கு 47. இரண்டு வாரம் போவதாக இருந்தாலே ஆண்டு லைசென்ஸ்தான் லாபம்.

இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்த ஒரு பெரியவர் அப்போதுதான் சொன்னார்: அரசிடம் தனி லைசென்ஸ் வாங்கி நடத்தும், கரையிலிருந்து கடலுக்குள் நீளும் கடற்பாலங்களில் நுழைவுக் கட்டணம் கட்டினால் போதும், தனியாக யாருக்கும் லைசென்ஸ் வேண்டாமாம். கடையில் ஒருவரும் இதைச் சொல்லவில்லை. பாலத்தின் வாசலில் கேட்டு உறுதி செய்துகொண்டு போங்கள். எல்லாப் பாலத்துக்கும் இது பொருந்தாது.

அப்படி ஒரு பாலத்தில்தான் அப்பாவுக்கு ஸ்னூக் என்ற மீன் மாட்டியது. பக்கவாட்டில் தலையிலிருந்து வால்வரை ஒரே கறுப்புக் கோடு; செவுள் மூடியின் ஓரம் விரலை அறுத்துவிடும், ஜாக்கிரதை. "நம் ஊர்க் கொடுவா ஜாதிதான்" என்று குழம்புக் கணக்கே போட்டுவிட்டார். நடந்ததோ ஜூலை மாதம். அட்லாண்டிக் கரையில் ஜூன் முதல் ஆகஸ்ட் வரை ஸ்னூக்கை வைத்துக்கொள்ளக்கூடாது. டிசம்பர் 15 முதல் ஜனவரி முடியவும் அப்படியே. மற்ற மாதங்களிலும் 28 முதல் 32 அங்குலத்துக்குள் இருக்கவேண்டும், ஆளுக்கு ஒன்றுதான், அதற்கும் 10 டாலர் தனி அனுமதி. திரும்பக் கடலில் விடச் சொன்னபோது அப்பா என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே!

கோபம் தணியட்டும் என்று மாநிலத்தின் மீன்பிடி சாதனைகளைச் சொன்னேன். 1961இல் ஃபெர்னாண்டினா பீச்சில் பிடிபட்ட கோலியாத் களவா 680 பவுண்டு, அதாவது 308 கிலோ. அந்த இனத்தைப் பிடித்து வைத்துக்கொள்ள 1990இல் தடை விதித்தார்கள். 2023 முதல் குலுக்கல் முறையில் ஆண்டுக்கு 200 பேருக்கு மட்டும் அனுமதி, அதுவும் 24 முதல் 36 அங்குலத்துக்குள். அந்தச் சாதனையை இனி யாரும் முறியடிக்க வழியே இல்லை.

"அந்த வருடம் வந்திருக்க வேண்டும்" என்றார் அப்பா.

அம்மாவையும் கூட்டிப் போகிறவர்களுக்கு ஒன்று: மீன் கிடைக்காவிட்டாலும், தூண்டிலைப் போட்டுப் பார்த்தாலே பிடித்ததாகத்தான் கணக்கு. போட்டோவுக்கு என்று ஒரு தடவை வீசச் சொல்வதாக இருந்தாலும் அவருக்கும் லைசென்ஸ் எடுத்துவிடுங்கள்.