ஷேர்வேர் விருதுக்கு எது தகுதி?

ஷேர்வேர் என்றால் சில நாள் இலவசமாகப் பயன்படுத்திப் பார்த்துவிட்டு, பிறகு பணம் கட்டும் மென்பொருள். அந்த வகையில் சிறந்ததற்கான விருது யாருக்கு என்ற பேச்சு வந்தாலே வசதிகளின் பட்டியலைத்தான் நீட்டுகிறார்கள். என் கட்சி வேறு. இலவச நாட்கள் முடிந்த மறுநாள் அந்த மென்பொருள் நம்மை எப்படி நடத்துகிறது என்று பார்த்து ஓட்டுப் போட வேண்டும். 1982-இல் ஆண்ட்ரூ ஃப்ளூகல்மன் பிசி-டாக் என்ற மென்பொருளையும், ஜிம் பட்டன் பிசி-ஃபைல் என்ற மென்பொருளையும் வெளியிட்டபோது கேட்டது ஒன்றுதான்: பயன்படுத்திப் பாருங்கள், பிடித்தால் பணம் அனுப்புங்கள்.

பதிவிறக்கத் தளங்கள் தரும் ஐந்து நட்சத்திரங்களுக்கு மதிப்பே கிடையாது. 2007-இல் ஆண்டி பிரைஸ் என்ற பிரிட்டிஷ் மென்பொருளாளர், வெறும் எழுத்துக் கோப்பு ஒன்றை, மென்பொருள் போலத் தோன்றும்படி .exe (எக்ஸி) என்று பெயர் மாற்றிப் பல தளங்களுக்கு அனுப்பினார். ஓடவே ஓடாத அந்தக் கோப்புக்கு 16 விருதுகள் வந்து சேர்ந்தன!

ஆகவே நாமே சோதிக்க வேண்டும். கணினிக்குள் இன்னொரு போலிக் கணினியை ஓட்டும் விர்ச்சுவல்பாக்ஸில் புதிதாக விண்டோஸ் போட்டு, அந்த நிலைக்கே திரும்ப வசதியாக ஒரு ஸ்னாப்ஷாட் எடுத்துக்கொள்ளுங்கள். மென்பொருளை நிறுவி, நாலைந்து கோப்புகளை அதிலேயே உருவாக்குங்கள். பிறகு நெட்டைத் துண்டித்து, இலவச நாட்கள் தீர்ந்துபோகும்படி தேதியை 45 நாள் தள்ளி, வரப்போகும் ஒரு தேதியாக வையுங்கள். விர்ச்சுவல்பாக்ஸின் துணை மென்பொருளான கெஸ்ட் அடிஷன்ஸ் போட்டிருந்தால் கடிகாரத்தைப் பழைய நேரத்துக்கே இழுத்துவிடும்; அதனால் போடாதீர்கள். சர்வரில் நாள் கணக்கு வைக்கும் மென்பொருளிடம் இந்த வித்தை பலிக்காது, காத்திருக்கத்தான் வேண்டும்.

கெடு முடிந்ததும் புதிதாகச் சேமிக்க விடாவிட்டால் அது நியாயம். நாம் உருவாக்கிய கோப்பைத் திறக்கவே விடாவிட்டால் போட்டியிலிருந்து நீக்கிவிடுங்கள். கடைசியாக அன்இன்ஸ்டால் செய்து, ரீஸ்டார்ட் போட்டு, மென்பொருள்களைத் தானாக ஓடவைக்கும் டாஸ்க் ஷெட்யூலரிலும் ஸ்டார்ட்அப்பிலும் மிச்சம் மீதி இருக்கிறதா என்று பாருங்கள்.

நம்மூருக்கென்று இன்னொரு சோதனை உண்டு. திருவல்லிக்கேணி டிடிபி கடையில் ஃபோல்டர் பெயர் தமிழில் இருப்பது சாதாரணம். விண்டோஸில் தமிழுக்கு ஆன்சி கோட்பேஜ், அதாவது பழைய பாணி எழுத்து அட்டவணை, கிடையாது; எல்லா மொழிகளுக்கும் பொதுவான யூனிகோடு மட்டும்தான். பழைய பாணியில் எழுதிய மென்பொருளுக்கு ‘தொகுப்பு’ என்ற பெயர் வெறும் கேள்விக்குறிகளாகப் போய்ச் சேரும். கேள்விக்குறி கோப்புப் பெயரில் வரக் கூடாத எழுத்து என்பதால் கோப்பே திறக்காது. கோப்புகளைச் சுருக்கிக் கட்டும் ஜிப் மென்பொருள் என்றால், பெயர் யூனிகோடின் ஒரு வடிவமான யுடிஎஃப்-8-இல் இருப்பதைச் சொல்லும் கொடி, அதாவது 11-ஆம் பிட், போடப்பட்டிருக்க வேண்டும். இல்லாவிட்டால் வேறு கணினியில் பிரிக்கும்போது பெயர்கள் கோடும் கட்டமுமாக வரும். தேடலையும் விடாதீர்கள்: ‘தொ’வில் உள்ள ஒகரக் குறியை ஒரே குறியாகவும் எழுதலாம், ஒற்றைக்கொம்பு, கால் என இரண்டாகவும் எழுதலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான், ஆனால் பல மென்பொருள்கள் ஒன்றைத் தேடினால் மற்றதைக் காட்டாது.

பணம் கட்டும் வழிக்கும் மதிப்பெண் உண்டு. 2020-க்குப் பிறகு இங்கே புது கார்டுகளில் வெளிநாட்டுப் பரிவர்த்தனை மூடியே வருகிறது. வங்கிச் செயலியில் திறந்துவிட வேண்டும். சந்தா முறையில் தானாகப் பணம் பிடிப்பதற்கும் தனி ஒப்புதல் தேவை. ஒரே தடவை வாங்கும் உரிமத்துக்கு இந்தத் தலைவலி ஒரு முறையோடு போயிற்று.

கோப்புகளைச் சுருக்கும் 7-ஜிப்பைப் பரிந்துரைக்கும் நண்பர்களுக்கு: அருமையான மென்பொருள்தான், ஆனால் அது முழு இலவசம். இந்தப் போட்டியில் அதற்கு இடமில்லை.

அதே வேலை செய்யும் வின்ரார், இலவசக் கெடுவான 40 நாள் கழிந்தும் வேலையை நிறுத்துவதில்லை, நினைவூட்டுவதோடு சரி. அந்தப் பெருந்தன்மைக்கு இரண்டாம் இடம் தரலாம். முதலிடம் தராததற்குக் காரணம் அதன் ரார் கோப்பு வடிவம்: பிரிக்கப் பல மென்பொருள்கள் இருந்தாலும், உருவாக்க வின்ரார் நிறுவனத்தின் கருவிதான் வேண்டும்.

என் ஓட்டு, கோப்புகளை நிர்வகிக்கும் டோட்டல் கமாண்டருக்கு. கெடு முடிந்தாலும் திறக்கும்போது 1, 2, 3-இல் ஒரு பொத்தானை அழுத்தச் சொல்லும், அவ்வளவே. பணம் கட்டினால் வருவது ஒரு சாவிக் கோப்பு. அதை நிறுவிய ஃபோல்டரில் வைத்தால் முடிந்தது. விண்டோஸை மறுபடி போட்டாலும் அதே கோப்பு போதும், எந்த சர்வரையும் கேட்க வேண்டியதில்லை. 2009-இல் வந்த 7.50 பதிப்பிலிருந்து யூனிகோடு இருப்பதால் தமிழ்ப் பெயர்களும் தப்பின. முகப்பு பழசாக இருக்கிறது என்று மதிப்பெண் குறைப்பவர்கள் குறைக்கட்டும், பத்தில் ஒன்றுக்கு மேல் நான் விட்டுத்தர மாட்டேன்.