அத்தா பேசி அனுப்புன கேசட்டுகளை கம்ப்யூட்டர்ல ஏத்துன கதை

பழைய கேசட்டை எம்பி3 ஆக்கித் தர்றோம்னு போர்டு போட்டிருக்கிற கடையில குடுக்கப் போறீங்கன்னா ரெண்டு கேள்வி கேட்டுட்டு குடுங்க. வேவ் ஃபைலா (எம்பி3 மாதிரி சுருக்காதது) தருவீங்களா, சத்தத்துல கை வைக்காம அப்படியே தருவீங்களா. "அதெல்லாம் நாங்க பாத்துக்கறோம் சார்"னு பதில் வந்தா கேசட்டை வாங்கிட்டு நடையைக் கட்டிருங்க.

நான் குடுத்தது சினிமா பாட்டு இல்ல. பாட்டுன்னா யூடியூப்ல கொட்டிக் கிடக்கு. எங்க அத்தா 80கள்ல ஜித்தாவுல வேலை பாத்தப்ப கடுதாசிக்கு பதிலா கேசட்ல பேசி, ஊருக்கு வர்ற யாராவது ஒருத்தர் கையில குடுத்தனுப்புவாங்க. வளைகுடாவுக்கு ஆள் போன வீடுகள்ல இது தெரிஞ்ச கதைதான், போன் பேசுறதெல்லாம் அப்ப கட்டுப்படியாகாது. அம்மா அதைக் கேட்டுட்டு பி சைடுல பதில் பேசி வைப்பாங்க, சில கேசட் திரும்பப் போச்சு, சிலது போகாம வீட்லயே தங்கிருச்சு. அப்படித் தங்குனதுதான் இது. வேற காப்பி கிடையாது.

கடையில பென்டிரைவ்ல போட்டுக் குடுத்தாங்க. ஹெட்செட் மாட்டினா சத்தம் இடது காதுல மட்டும்தான் வருது. அதுவும் அத்தா தண்ணிக்குள்ள தலையை விட்டுக்கிட்டு பேசுற மாதிரி. இரைச்சலை எடுக்கறேன்னு நாய்ஸ் ரிடக்‌ஷனை கண்டபடி ஏத்தி விட்டிருக்காங்க. அதைக்கூட பொறுத்துக்கலாம். அத்தா ஒரு விஷயம் சொல்லிட்டு கொஞ்சம் நிறுத்தி, தொண்டையை செருமிட்டு அடுத்ததுக்குப் போவாங்க, அந்த இடமெல்லாம் மொத்தமா காணோம். போய்க் கேட்டா "சைலன்ஸை ஆட்டோமேட்டிக்கா கட் பண்ணிட்டோம் சார், சைஸ் குறையும்ல"ங்கறார். சைஸ் குறைஞ்சு நான் என்ன பண்ண? போதாததுக்கு ஒரு கேசட்டை அறுத்து, சாதா செல்லோடேப் போட்டு ஒட்டி வச்சிட்டு வாயே திறக்கல. அந்த செல்லோடேப் பசை நாளாக நாளாக கசிஞ்சு அடுத்த சுத்துலயும், டேப்பைப் படிக்கிற ஹெட்லயும் அப்பிக்கும். இதுக்குன்னே ஸ்ப்ளைசிங் டேப்னு தனியா இருக்கு, அதைத்தான் போடணும்.

சரி நாமளே பண்ணலாம்னு ஆன்லைன்ல விக்கிற யுஎஸ்பி வாக்மேன் மாதிரி ஒண்ணு வாங்கினேன். தயவுசெஞ்சு அந்தப் பக்கம் போயிராதீங்க. ஸ்பீடு ஒரே சீரா நிக்கல, அத்தா குரல் பத்து வயசுப் பையன் குரலா வருது, நடுவுல தள்ளாடுது. ஒரே அளவு வேகமா ஓடினா ஆடாசிட்டில (சத்தத்தை பதிவு பண்ணி திருத்துற இலவச சாஃப்ட்வேர்) ஸ்பீடு மாத்தி சரி பண்ணிரலாம், ஏறி இறங்கி ஓடினா அதுல சரி பண்றது ரொம்பக் கஷ்டம். ரிட்டர்ன் போட்டா "பொருள் வேலை செய்கிறது"ன்னு நிராகரிச்சுட்டாங்க. ஆமாம், சுத்துது. அந்த அர்த்தத்துல வேலை செய்யுது.

கடைசில பரண்ல கிடந்த எங்க வீட்டு டூ-இன்-ஒன்னையே (ரேடியோவும் கேசட்டும் சேந்த செட்டு) இறக்கினேன். பெல்ட் உருகி புல்லி முழுக்க பிசுபிசுன்னு ஒட்டிக்கிட்டு இருந்துச்சு. சென்னை ரிச்சி தெரு பக்கம் ஒரு வயசான மெக்கானிக் பெல்ட் மாத்தி, ஹெட்டை ஐசோப்ரோப்பைல் ஆல்கஹால் வச்சு துடைச்சுக் குடுத்தார். போட்டுப் பாத்தா அம்மா பேசுன சைடு கண்ணாடியா இருக்கு, அத்தா பேசுன சைடு மந்தமா, ச-வும் ஸ-வும் மழுங்கிப்போய் வருது. எனக்கு ஒண்ணும் புரியல. அவர் சிரிச்சுட்டு, "தம்பி, அம்மா இதே செட்லதான பேசிருப்பாங்க? அப்பா பேசுனது அங்க வேற செட்டு. அந்த செட்டு ஹெட்டு சாய்மானம் வேற"ன்னார். விஷயம் அவ்வளவுதான். ஹெட் பக்கத்துல ஸ்பிரிங் மாட்டின ஒரு சின்ன ஸ்க்ரூ இருக்கும், அசிமத் ஸ்க்ரூம்பாங்க, அதை ஓடும்போதே துளித்துளியா திருப்பினா ஒரு இடத்துல பேச்சு பளிச்சுன்னு திறக்கும். திருப்புறதுக்கு முன்னாடி பழைய இடத்துல மார்க்கரால ஒரு கோடு போட்டு வச்சுக்கோங்க. அத்தா சைடுக்கு ஒரு இடம், அம்மா சைடுக்கு கோடு போட்ட இடம்னு மாத்தி மாத்தித்தான் முழுசும் எடுத்தேன். இங்க மழுங்கிப்போனதை அப்புறம் சாஃப்ட்வேர்ல முழுசா மீட்க முடியாது.

அடுத்த தலைவலி வயர். இப்ப வர்ற லேப்டாப்ல இருக்கிற ஒத்தை ஓட்டை ஹெட்செட்டுக்கானது, அதுல மைக் மோனோ, சத்தம் கிழிஞ்சு வரும். யுஎஸ்பி சவுண்ட் கார்டுன்னு கேட்டா கடையில குடுக்கிற குட்டி சாமானும் பெரும்பாலும் மைக்குக்குத்தான். சிவப்பு வெள்ளை ஆர்சிஏ ஓட்டை ரெண்டும் இருக்கிற, லைன் இன்னு எழுதியிருக்கிற பெட்டியா பாத்து வாங்குங்க. செட்டோட ஹெட்போன் ஓட்டையிலிருந்து அதுக்கு வயர், வால்யூம் பாதி. மாட்டினதும் ஆடாசிட்டில கோடு அசையவே இல்லன்னா பயப்படாதீங்க, விண்டோஸ் பிரைவசி செட்டிங்ல மைக்ரோஃபோன் அனுமதி ஆஃப்ல இருக்கும். லைன் இன்னைக்கூட அது மைக்காத்தான் நினைக்குது. அப்படியே ஆடியோ என்ஹான்ஸ்மென்ட் எல்லாத்தையும் அணைச்சிருங்க, இல்லன்னா அதுவும் தன் பங்குக்கு இரைச்சலை நீக்குறேன்னு பேச்சை மெல்லும். உம்முனு ஒரு இரைச்சல் கேட்டா லேப்டாப் சார்ஜரை கழட்டிப் பாருங்க. எனக்கு அதோட போயிருச்சு.

ரெக்கார்டிங் சுலபம். லெவல் மீட்டர் -6 டெசிபலை தாண்டாம பாத்துக்கிட்டா போதும். சி-90ன்னா ஒரு பக்கம் 45 நிமிஷம், லேப்டாப் நடுவுல தூங்காம ஸ்லீப்பை அணைச்சிட்டு ரெக்கார்ட் அமுக்கிட்டு போய் சாப்பிட்டு வாங்க. கொஞ்சம் கூடுதலாவே ஓட விடுங்க, டேப் சரியா 45ல நிக்காது.

மோனோ செட்ல பேசின கேசட்டுக்கு ஒரு குறிப்பு. ஸ்டீரியோ செட்ல ஓட்டினா ரெண்டு சேனல்லயும் அதே பேச்சுதான் வரும். ரெண்டையும் கலக்காதீங்க, எது நல்லா இருக்கோ அதை மட்டும் வச்சுக்கிட்டு மத்ததை தூக்குங்க. கலந்தா ஹெட் கொஞ்சம் சாய்ஞ்சிருந்தாலும் கூர்மை போயிரும்.

நாய்ஸ் ரிடக்‌ஷன்ல, பேச்சே இல்லாம வெறும் ஸ்ஸ்ஸ்னு ஓடுற இடமா ஒண்ணு ரெண்டு செகண்ட் செலக்ட் பண்ணி ப்ரொஃபைல் எடுத்துட்டு, 6 டெசிபல் மட்டும் குறைங்க. அதே விண்டோல ரெசிட்யூன்னு ஒண்ணு இருக்கு, அதை வச்சு பிரிவ்யூ அமுக்கினா எதை எடுக்கப் போகுதோ அதை மட்டும் கேக்கலாம். அதுல பேச்சு கேட்டுச்சுன்னா நீங்க பேச்சைத்தான் வெட்டுறீங்க, குறைச்சுக்கோங்க. அந்தக் கடையில இதை மட்டும் செஞ்சிருந்தா எனக்கு இவ்வளவு அலைச்சல் இல்ல. என் ஃபைல்ல இப்ப அத்தாவுக்குப் பின்னாடி யாரோ பாத்திரம் தேய்க்கிற சத்தம் வரைக்கும் கேக்குது. அம்மா கேட்டுட்டு முதல்ல சொன்னதே "அந்த ரூம்ல ஆறு பேரு இருந்தாங்கடா"ன்னுதான்.

கை வைக்காத ஒரிஜினலை வேவாவோ ஃப்ளாக்காவோ (தரம் குறையாம சுருக்குறது) எக்ஸ்போர்ட் பண்ணி தனியா வைங்க. 44100, 16 பிட் ஸ்டீரியோ வேவ்னா நிமிஷத்துக்கு 10 எம்பி, முழு சி-90 கிட்டத்தட்ட 1 ஜிபி. சேவ் பண்ணா வர்ற ஏயுபி3 ஃபைலை சொந்தக்காரங்களுக்கு அனுப்பாதீங்க, ஆடாசிட்டி இல்லாதவங்களுக்கு திறக்காது, அப்புறம் போன் மேல போன் வரும்.

கூடவே நாகூர் ஹனிஃபா இசைத்தட்டு ரெக்கார்டு சிலதும் பண்ணினேன். பிளேயர்ல ஃபோனோ ப்ரீஆம்ப் இல்லன்னா சத்தம் ஈனமா, பேஸே இல்லாம கீச்சுன்னு வரும். ரெக்கார்டு வெட்டும்போதே பேஸை குறைச்சு ட்ரெபிளை ஏத்தித்தான் வெட்டுவாங்க, திருப்பி சரி பண்றது ப்ரீஆம்ப் வேலை. ஒண்ணு வாங்கிருங்க. ஆடாசிட்டி ஃபில்டர் கர்வ்ல ஆர்ஐஏஏன்னு இதே வேலைக்கு ஒரு ப்ரீசெட் இருக்கு, அவசரத்துக்கு ஆகும், ஆனா அவ்வளவு சின்ன சத்தத்தை ஏத்தும்போது இரைச்சலும் சேந்து ஏறும்.

ஒரு கேசட் மட்டும் பாக்கி. சுருள் மேல வெள்ளையா பூஞ்சை படிஞ்சிருக்கு. அப்படி இருக்கிறதை அப்படியே செட்ல போட்டுராதீங்க, ஹெட்ல ஒட்டி அடுத்த கேசட்டுக்கும் பரவும். மாஸ்க் போட்டு, டேப்பை கையால மெதுவா சுத்திக்கிட்டே துடைச்சு எடுக்கணும்னு மெக்கானிக் சொல்றார், ஆனா அவருக்கு கண் சரியில்ல, செய்ய மாட்டேங்கறார். சென்னையில இதை பொறுமையா செய்யற ஆள் யாராவது தெரிஞ்சா சொல்லுங்க. செல்லோடேப் ஒட்டுற ஆள் வேண்டாம்.