பழைய சைக்கிளில் சைக்ளோகிராஸ்: முதலில் முன் பிரேக்கைக் கவனியுங்கள்

பழைய இரும்புச் சைக்கிளை வைத்துக்கொண்டு சைக்ளோகிராஸ் (சேறு, மணல், தடுப்புப் பலகைகள் உள்ள பாதையில் சைக்கிளை ஓட்டியும் தூக்கிக்கொண்டு ஓடியும் முடிக்கும் பந்தயம்) ஓட முடியுமா என்றால், தாராளமாக முடியும். சர்வதேசப் பந்தயங்களில் டிஸ்க் பிரேக்குக்கு யூசிஐ (உலக சைக்கிள் பந்தய அமைப்பு) அனுமதி கொடுத்ததே 2010-இல்தான். பெல்ஜியத்தின் எரிக் டி விளாமின்க் 1966-இலிருந்து 1973 வரை ஏழு முறை உலகப் பட்டம் வென்றது, இன்று பழசு என்று ஒதுக்கும் சாமான்களில். ஃபிளாண்டர்ஸ் சேறு அன்றும் இதே சேறுதான்.

பழைய சைக்கிளில் ஆளைத் தோற்கடிப்பது பெரும்பாலும் முன் பிரேக். கேண்டிலீவர் பிரேக்கை (சக்கரத்தின் இரு பக்கமும் உள்ள இரண்டு கைகளை மேலிருந்து கேபிள் இழுத்து ரிம்மை அழுத்தும் வகை) பிடித்தால் ஃபோர்க் தடதடவென்று உதறுகிறதா? கேபிள் உறையைத் தாங்கும் கொக்கி மேலே ஹெட்செட்டில் (ஹேண்டில்பார் திரும்பும் பேரிங் பகுதி) இருக்கும். பிரேக் பிடித்ததும் ஃபோர்க் பின்னால் வளையும். கொக்கிக்கும் பிரேக்குக்கும் உள்ள தூரம் கூடும். கேபிள் தானாகவே இறுகி இன்னும் பலமாகக் கவ்வும். பிடி நழுவியதும் ஃபோர்க் முன்னால் துள்ளும். மறுபடியும் இதே கதை. கொக்கியை ஃபோர்க் தலையில் உள்ள போல்ட் துளைக்கு மாற்றினால் உதறல் பெரும்பாலும் அடங்கிவிடும். கூடவே, பிரேக் கட்டையின் முன்முனை முதலில் ரிம்மைத் தொட வேண்டும். பின்முனைக்கும் ரிம்முக்கும் நடுவே விசிட்டிங் கார்டை மடித்து வைத்து, லீவரை அழுத்தியபடி நட்டை முறுக்கினால் ஏறத்தாழ 1 மி.மீ. சாய்வு கிடைக்கும்.

பிரேக்கின் இரண்டு கைகளையும் இணைக்கும் குறுக்குக் கேபிளைத் தாழ்த்தினால் பிடி கூடும், ஆனால் கட்டை நகரும் தூரம் குறையும். ஆசைப்பட்டு அதிகம் தாழ்த்தினால் கட்டையை ரிம்மோடு ஒட்டி வைக்க வேண்டிவரும், சேறு அடைத்துக்கொள்ளும். பக்கத்துக்கு 2 முதல் 3 மி.மீ. இடைவெளி விட்டு, லீவர் ஹேண்டில்பாரில் முட்டாத அளவோடு நிறுத்துங்கள். முன் கேபிளைப் பந்தயப் பருவத் தொடக்கத்தில் கட்டாயம் மாற்றிவிடுங்கள். அது அறுந்தால் குறுக்குக் கேபிள் டயர் மேல் விழுந்து சக்கரத்தையே பூட்டிவிடும். ஓட்டுபவர் தலைகுப்புறப் போவார்.

சாலைப் பந்தய சைக்கிளின் பிரேக் லீவரோடு முழுநீள வி-பிரேக் (நீண்ட கைகளைக் கேபிள் பக்கவாட்டில் இழுக்கும் வகை) சேராது; அதற்கு ஏறத்தாழ இரு மடங்கு கேபிள் இழுப்பு வேண்டும். 80–90 மி.மீ. கையுள்ள மினி வி சேரும், ஆனால் கட்டை ரிம்மோடு நெருங்கி நிற்பதால் காய்ந்த தரைக்குத்தான் சரி.

மணல் கலந்த சேறு ரிம்மை அரம்போல் தேய்க்கும். ஒரு நேரான ஸ்கேலைப் பக்கச்சுவரில் வைத்துப் பாருங்கள். நடுவில் குழி தெரிந்தால் அந்த ரிம்மின் ஆயுள் முடியப்போகிறது.

பின் ஹப்பில் திருகி மாட்டும் ஃப்ரீவீல் (பல்சக்கரத் தொகுதி) வேண்டாம். அதில் வலப்பக்க பால்ரஸ் உள்ளே தள்ளியிருப்பதால், பலகை தாண்டி இறங்கும்போது அச்சு வளையும், சில நேரம் முறியும். பல்சக்கரங்களைச் செருகி மாட்டும் கேசட் ஹப்பே நல்லது. பின் ஹப் உட்காரும் இடத்தில் 126 மி.மீ. இடைவெளியுள்ள இரும்பு ஃப்ரேமைப் பக்கத்துக்கு 2 மி.மீ. விரித்து 130 ஆக்கலாம். ஆலன் கம்பெனியுடையது போன்ற பழைய அலுமினிய ஃப்ரேமில் அந்த வேலையே கூடாது, இணைப்பு விட்டுப்போகும்.

டயர் அகலத்துக்கு யூசிஐ வரம்பு 33 மி.மீ. பழைய ஃப்ரேமில் 30 அல்லது 32-தான் நுழையும் என்றால் அதையே போடுங்கள். சேறு விழ இடம் இருப்பது முக்கியம். 70 கிலோ ஆளுக்கு, ட்யூபுலர் டயரில் (ட்யூபை உள்ளே வைத்துத் தைத்து, ரிம்மில் பசையால் ஒட்டும் டயர்) காற்றழுத்தம் 1.7 பார் அளவிலிருந்து தொடங்கலாம். உள்ளே ட்யூப் உள்ள சாதாரண டயரில் 2.3-க்குக் கீழே போனால், வேரிலோ கல்லிலோ ரிம் ட்யூபைக் கடித்துவிடும். ட்யூபுலரின் பலம் பசையில்தான். ரிம்மிலும் டயரின் அடித்துணியிலும் மெல்லிய பூச்சுகள், ஒவ்வொன்றும் நன்றாகக் காய்ந்த பிறகே அடுத்தது. சாய்வான திருப்பத்தில் டயர் கழன்றால் அன்றைய பந்தயம் போச்சு.

கியருக்குப் பணம் கொட்டத் தேவையில்லை. முன்னால் 40 பல் செயின்வீல் ஒன்று, செயின் குதிக்காமல் இரு பக்கமும் தடுப்பு, பின்னால் 8 அல்லது 9 கியர், ஹேண்டில்பார் முனையில் கியர் லீவர். சேறு புகுந்து கிளிக் பிசகினால் லீவரை உராய்வு நிலைக்குத் திருப்பிக் கையாலேயே கியரைத் தேடிப் பிடிக்கலாம். பெடல் கைகள் சுழலும் நடு அச்சுக்கு (பாட்டம் பிராக்கெட்) மூடிய கார்ட்ரிட்ஜ் வகையைப் போட்டு, அதன் கூட்டின் அடியில் நீர் வடிய ஒரு துளை இடுங்கள். பிட்டில் (பந்தயத்தின் நடுவே சைக்கிளை மாற்றிக் கழுவும் இடம்) பீய்ச்சும் தண்ணீரை ஹப் பக்கமோ ஹெட்செட் பக்கமோ நேராகக் காட்ட வேண்டாம். இரண்டாவது சைக்கிள் வைத்திருந்தால் அதே ஹப் அளவு, அதே கேசட், அதே ரிம் அகலம் இருக்கட்டும். அப்போதுதான் சக்கரங்களை இரண்டுக்கும் மாற்றிப் போட முடியும்.