நாளுக்கு 7,000 ரூபாய், முதல் பணம் வர 90 நாள்

2024 ஜனவரி 8, திங்கட்கிழமை. காலை பதினோரு மணி வாக்கில் போனில் பேங்க் மெசேஜ் வந்தது: 75,600 ரூபாய் வரவு. அடுப்படியில் இருந்த அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். வேலையை விட்டு அன்றோடு சரியாக 90 நாள். கான்ட்ராக்டில், அதாவது மாதச் சம்பளம் இல்லாமல் வேலை செய்த நாளுக்கு மட்டும் காசு என்ற ஒப்பந்த வேலையில், நான் சம்பாதித்த முதல் பணம் அது.

இப்போது இரண்டு பேர் என்னிடம் "அக்கா, நானும் கான்ட்ராக்டுக்குப் போகலாமா?" என்று கேட்டிருக்கிறார்கள். அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். இரண்டு பேரும் முதலில் கேட்டது "ஒரு நாளைக்கு எவ்வளவு தருவாங்க?" என்பதுதான். நானும் அதைத்தான் கேட்டேன். "பணம் எப்போது கைக்கு வரும்?" என்று கேட்டிருக்க வேண்டும்.

வீடு சென்னையில், பழைய வண்ணாரப்பேட்டை. வேலை ஓ.எம்.ஆரில், டேட்டாபேஸ் பக்கம். வண்ணாரப்பேட்டையில் ரயிலேறி பீச், அங்கிருந்து பறக்கும் ரயிலில் திருவான்மியூர், அப்புறம் பஸ். 2023 ஆகஸ்ட் கடைசியில் நாலாவது பாதை வேலைக்காக பீச்சுக்கும் சிந்தாதிரிப்பேட்டைக்கும் நடுவே பறக்கும் ரயிலை நிறுத்திவிட்டார்கள். நான் வேலையை விட்டது அதனால் இல்லை, அதற்கு முன்பே ராஜினாமா கொடுத்துவிட்டேன். பெங்களூரு நிறுவனம் ஒன்று, வீட்டிலிருந்தே வேலை, நாளுக்கு 7,000 என்று சொல்லியிருந்தது. கம்பெனியில் எனக்கு ஆண்டுக்கு 12 லட்சம்.

7,000-ஐ மாதம் 22 நாளால் பெருக்கினால் ஆண்டுக்கு 18 லட்சத்து 48 ஆயிரம் வரும். இந்தக் கணக்கை யாரும் போடாதீர்கள். ஆண்டுக்கு வேலை நாட்கள் 260. அதில் அரசு விடுமுறை ஒரு 12 போகும். நமக்குக் காய்ச்சல், அம்மாவுக்கு ஆஸ்பத்திரி என்று 15. ஒரு ஒப்பந்தம் முடிந்து அடுத்தது தொடங்கும் இடைவெளி 15. மிச்சம் 218 நாள், அதாவது 15 லட்சத்து 26 ஆயிரம். இதற்குள்தான் மெடிக்கல் இன்சூரன்ஸ், இன்வெர்ட்டர், இரண்டாவது இன்டர்நெட் லைன், ஆடிட்டர் ஃபீஸ் எல்லாம். பி.எஃப். கிடையாது, வேலையை விடும்போது கம்பெனி தரும் கிராஜுவிட்டி கிடையாது. வீட்டுக் கடன் வாங்கும் எண்ணம் இருந்தால் சம்பள ரசீது கையில் இருக்கும்போதே வாங்கிவிடுங்கள். அதன்பிறகு இரண்டு மூன்று ஆண்டு வருமான வரிக் கணக்கைக் காட்டச் சொல்வார்கள்.

ராஜினாமா தேதியில் மட்டும் நான் சரியாக யோசித்தேன். வேலைக்குச் சேர்ந்தது 2018 அக்டோபர் 8. ஐந்து ஆண்டு முடிந்தால்தான் கிராஜுவிட்டி. ஜூலை 12-ஆம் தேதி கடிதம் கொடுத்தேன், 90 நாள் நோட்டீஸ் முடிந்து கடைசி நாள் அக்டோபர் 10. அடிப்படைச் சம்பளம் 45,000. அதை 26-ஆல் வகுத்து, 15-ஆல் பெருக்கி, ஐந்து ஆண்டுக்குப் போட்டால் 1,29,807 ரூபாய். அந்தப் பணம்தான் தீபாவளியிலிருந்து பொங்கல் வரை எங்கள் வீட்டை ஓட்டியது.

அம்மாவுக்குச் சர்க்கரையும் பிரஷரும் உண்டு. கம்பெனியின் குரூப் இன்சூரன்ஸில் முதல் நாளிலிருந்தே எல்லாவற்றுக்கும் கவர் இருந்தது. வெளியே புதிதாகப் பாலிசி எடுத்தால், ஏற்கெனவே இருக்கும் நோய்களுக்கு அப்போது நான்கு ஆண்டு வரை காத்திருக்கச் சொல்லலாம். 2024-இல்தான் அது மூன்றாகக் குறைந்தது. குரூப்பிலிருந்து அதே இன்சூரன்ஸ் கம்பெனியின் தனிப் பாலிசிக்கு மாற வழி இருக்கிறது. ஆனால் வேலையில் இருக்கும்போதே கேட்டு வாங்க வேண்டும். எச்.ஆரில் யாரும் தானாக வந்து சொல்ல மாட்டார்கள்.

இனி ஜி.எஸ்.டி. சேவைத் தொழிலில் ஆண்டு வரவு 20 லட்சத்தைத் தாண்டாதவரை தமிழ்நாட்டில் பதிவு தேவையில்லை. வேறு மாநில வாடிக்கையாளருக்குச் செய்தாலும் அப்படித்தான். ஆனால் பெங்களூரு நிறுவனம், ஜி.எஸ்.டி. எண் இல்லாமல் இன்வாய்ஸை, அதாவது பில்லை, ஏற்க மாட்டோம் என்றது. விண்ணப்பத்துக்குக் கட்டணம் இல்லை, ஆன்லைனிலேயே போடலாம், எனக்கு அப்போது ஆதார் ஓ.டி.பி. போதுமாக இருந்தது. அக்டோபர் 11-ஆம் தேதி போட்டேன். 19-ஆம் தேதி முகவரிச் சான்றுக்கு விளக்கம் கேட்டு நோட்டீஸ் வந்தது. ஏழு வேலை நாளுக்குள் பதில் தர வேண்டும், நடுவில் ஆயுத பூஜை விடுமுறை வேறு.

தவறு என்னுடையதுதான். வீடு தாத்தா கட்டியது. இ.பி. கார்டு இன்னும் அவர் பெயரில்தான், அவர் இறந்தது 2009-இல். சொத்து வரி பெரியப்பா பெயரில். என் ஆதாரில் புதிய எண் 27, இ.பி. பில்லில் பழைய எண் 14. நான் இ.பி. பில்லை மட்டும் ஏற்றிவிட்டு நிம்மதியாக இருந்தேன். பார்க்கிறவருக்கு அது வேறொருவர் பெயரில் உள்ள வேறொரு வீடு.

சனிக்கிழமை கும்மிடிப்பூண்டி வண்டி பிடித்துப் பொன்னேரியில் இருக்கும் பெரியப்பாவிடம் போனேன். வீட்டை என் தொழிலுக்குப் பயன்படுத்தலாம் என்ற சம்மதக் கடிதத்தைப் படித்துவிட்டு, "ஏம்மா, இதுல கையெழுத்துப் போட்டா வீட்டுக் கரண்ட்டைக் கடை ரேட்டுக்கு மாத்திட மாட்டாங்களே?" என்று கேட்டார். "கடையெல்லாம் இல்ல பெரியப்பா, ஒரு லேப்டாப், ஒரு மேசை, அவ்வளவுதான்" என்றேன். அரை மணி நேரம் யோசித்துத்தான் போட்டுக் கொடுத்தார். வீட்டுக்கு வந்து ஆடிட்டருக்கு அனுப்பினால், அவருடைய ஆதார் நகலும் சொத்து வரி ரசீதும் இல்லாமல் இந்தக் கடிதம் தனியாக நிற்காது என்கிறார். பொன்னேரிக்குப் போய் வந்தது வீண்.

பழைய எண்ணும் புதிய எண்ணும் ஒரே வீடுதான் என்று ஒரு தாள் கேட்டு ஓர் அலுவலகத்துக்குப் போனேன். பத்து மணிக்குப் போனால் சீட்டில் ஆள் இல்லை. பன்னிரண்டுக்கு வந்தவர் என் தாள்களைத் தொடக்கூட இல்லை. "அப்படி ஒரு சர்டிபிகேட்டே நாங்க தர்றதில்லம்மா" என்றார். வேறு யாரிடம் கேட்க வேண்டும் என்றேன். "ஆன்லைன்ல பாருங்க" என்று சொல்லிவிட்டு போனை எடுத்துக்கொண்டார். ஆன்லைனில் எங்கே என்று கேட்டதற்குப் பதிலே இல்லை. சென்னையில் பாதித் தெருக்களில் வாசலுக்கு இரண்டு எண்கள் இருக்கின்றன. அதைச் சொல்ல ஒரு தாள் கிடைக்காதா என்ற ஆற்றாமை எனக்கு இன்றும் தீரவில்லை. அன்று இரவு பதினொன்று வரை உட்கார்ந்து வேலையை ஈடுகட்டினேன்.

விஜயதசமி அன்று மறுபடியும் பொன்னேரி. பெரியம்மாதான் பீரோவைத் திறந்து, ரப்பர் பேண்ட் போட்ட பழைய வரி ரசீதுக் கட்டை எடுத்துப் போட்டார். ஒவ்வொன்றாகப் புரட்டினோம். ஒன்றில், கையால் எழுதி, "பழைய எண் 14, புதிய எண் 27" என்று இருந்தது! எனக்குக் கண் கலங்கிவிட்டது. அந்த ரசீது, பெரியப்பாவின் ஆதார், பாரிமுனையில் நோட்டரி கையெழுத்து வாங்கிய சம்மதக் கடிதம் எல்லாவற்றையும் ஒரே கோப்பாக்கி அக்டோபர் 30 அன்று பதில் போட்டேன். நவம்பர் 9 அன்று எண் வந்தது.

பேங்கில் தொழிலுக்கான கரண்ட் அக்கவுண்ட்டுக்குப் பெயர்ப்பலகை மாட்டிய போட்டோ கேட்டார்கள். கதவுக்குப் பக்கத்தில் சின்னதாக ஒன்று மாட்டினேன். ஜி.எஸ்.டி. எண்ணையும் அதிலேயே எழுதிவிடுங்கள், விதிப்படி அதுவும் வேண்டும். சிறு நிறுவனங்களுக்கான அரசுப் பதிவான உத்யம் பத்து நிமிட வேலை, முழுக்க இலவசம். தேடினால் பணம் கேட்கும் தனியார் தளங்கள் நிறைய வரும், அரசுத் தளம்தானா என்று பார்த்துப் போடுங்கள்.

இன்வாய்ஸ் நவம்பர் 10 அன்று அனுப்பினேன். ஒப்பந்தத்தில் 45 நாள் என்று இருந்தது. நான் அதை இன்வாய்ஸ் தேதியிலிருந்து என்று நினைத்துக்கொண்டேன். அவர்கள் அதை ஒப்புதல் கொடுத்த தேதியிலிருந்து எண்ணினார்கள். ஒப்புதல் வந்தது நவம்பர் 24. அந்த ஒரு வரியை நான் கவனமாகப் படித்திருந்தால் இரண்டு வாரம் மிச்சம். என்னால் நஷ்டம் வந்தால் வரம்பே இல்லாமல் நான் ஈடுகட்ட வேண்டும் என்ற விதியை மட்டும் பேசி, ஆறு மாதக் கட்டணத்துக்கு மேல் போகாது என்று மாற்ற வைத்தேன்.

அதற்குள் மிக்ஜாம் புயல். டிசம்பர் 4 முதல் எங்கள் தெருவில் நான்கு நாள் கரண்ட் இல்லை. பழைய கம்பெனித் தோழிகளுக்கு அந்த நாட்களுக்கும் சம்பளம் வந்தது. எனக்கு 28,000 போனது. கரண்ட் வந்த கையோடு ஜி.எஸ்.டி. கட்ட வேண்டிய நாள் நெருங்கியது. அக்டோபரின் 70,000, நவம்பரின் 1,47,000, இரண்டு இன்வாய்ஸுமே நவம்பர் தேதி. இரண்டுக்கும் சேர்த்து 18 சதவீதம், 39,060 ரூபாய். டிசம்பர் 20-க்குள் கட்ட வேண்டும். வாடிக்கையாளர் பணம் தந்தாரா என்று ஜி.எஸ்.டி. பார்க்காது. ஒரு ரூபாய்கூட வராமல் கிராஜுவிட்டிப் பணத்திலிருந்து எடுத்துக் கட்டினேன். கட்டாயம் இல்லாமல் பதிவு செய்ய நினைப்பவர்கள் இந்த இடத்தில் நின்று யோசியுங்கள். இன்வாய்ஸே இல்லாத மாதத்துக்கும் ரிட்டர்ன் போட வேண்டும், தவறினால் நாளுக்கு 20 ரூபாய் தாமதக் கட்டணம்.

வருமான வரியில் நிம்மதி உண்டு. தகவல் தொழில்நுட்பமும் வருமான வரிச் சட்டத்தில் அறிவிக்கப்பட்ட தொழில்களில் ஒன்று என்பதால், அப்போதைய சட்டத்தின் 44ஏடிஏ பிரிவில் வரவில் பாதியை லாபமாகக் காட்டினால் போதும் என்றார் ஆடிட்டர். நிதியாண்டு முடியும் முன்பே கட்டும் அட்வான்ஸ் டாக்ஸை மார்ச் 15-க்குள் ஒரே தவணையாகக் கட்டலாம். வாடிக்கையாளரே முன்கூட்டிப் பிடித்துக் கட்டும் வருமான வரியான டி.டி.எஸ். 10 சதவீதம் போகும். முதல் இன்வாய்ஸில் 7,000 பிடித்ததால்தான் ஜி.எஸ்.டி.யோடு சேர்த்து 82,600 வர வேண்டிய இடத்தில் 75,600 வந்தது.

மார்ச்சில் ஒன்று நடந்தது. சிறு நிறுவனங்களுக்கு 45 நாளைத் தாண்டியும் பணம் தராமல் நிதியாண்டு முடிந்தால், வாடிக்கையாளர் அந்தச் செலவை அந்த ஆண்டுக் கணக்கில் கழிக்க முடியாது என்ற வருமான வரி விதி அந்த நிதியாண்டிலிருந்துதான் நடைமுறைக்கு வந்திருந்தது. என் இன்வாய்ஸில் உத்யம் எண் முதல் நாளிலிருந்தே இருந்தது. அதுவரை என் மெயிலுக்குப் பதிலே போடாத அந்தக் கணக்குப் பிரிவு, "மேடம், உங்க பாக்கி எவ்வளவு?" என்று தானே போன் செய்து கேட்டது. 29-ஆம் தேதிக்குள் முழுவதும் வந்துவிட்டது.

ஏப்ரலில் ஒப்பந்தத்தைப் புதுப்பித்தார்கள். நாளுக்கு 8,000 தருகிறோம் என்றார்கள். 7,500 போதும், ஆனால் இன்வாய்ஸ் தேதியிலிருந்து 15 நாளில் பணம் வர வேண்டும் என்று எழுதச் சொன்னேன். இரண்டு நாள் இழுத்துவிட்டு எழுதிக் கொடுத்தார்கள். இ.பி. கார்டைப் பெரியப்பா பெயருக்கு மாற்ற வாரிசுச் சான்றுக்கு மனு போட்டிருக்கிறோம். அந்தப் பழைய ரசீது இப்போது என் பீரோவில் இருக்கிறது.