பத்து வயதான ஏழு இருக்கை

சிங்கப்பூரில் எங்கள் எஸ்யூவியை 2014-இல் புதிதாக வாங்கினோம். 2024 நடுவில் அதன் சிஓஇ (பத்து ஆண்டு கார் வைத்திருக்க ஏலத்தில் எடுக்கும் உரிமைச் சான்றிதழ்) முடியப்போகிறது என்றதும் வீட்டில் ஒரே பட்டிமன்றம். வண்டியை ஸ்கிராப்புக்கு விடுவதா, புதுப்பிப்பதா?

2,360 சிசி என்பதால் பெரிய என்ஜின் கார்களுக்கான பி பிரிவு. புதுப்பிக்க நாம் ஏலம் கேட்கத் தேவையில்லை. கடந்த மூன்று மாத ஏல விலையின் சராசரியைக் கட்டினால் போதும். 'போதும்' என்று எழுதிவிட்டேன், அது அப்போது ஒரு லட்சம் வெள்ளியை (சிங்கப்பூர் டாலர்) ஒட்டி நின்றது. பத்து ஆண்டுக்கு முழுத் தொகை, ஐந்து ஆண்டுக்குப் பாதி. ஆனால் ஐந்தை எடுத்தால் அதோடு சரி, மறுபடி நீட்டிக்க முடியாது.

"ஐம்பதாயிரம்தானே" என்றார் மைத்துனர். அங்கேதான் பலரும் கணக்கைக் கோட்டை விடுகிறார்கள். எங்கள் காரின் ஓஎம்வி, அதாவது இறக்குமதி மதிப்பு, 25,000 வெள்ளி. அதற்கு ஏஆர்எஃப் என்ற கூடுதல் பதிவுக் கட்டணம் 27,000 கட்டியிருந்தோம். பத்தாண்டு முடிவில் வண்டியை ஒப்படைத்திருந்தால் அதில் பாதி, 13,500 வெள்ளி, பார்ஃப் என்ற கழிவாகக் கைக்கு வந்திருக்கும். சிஓஇயைப் புதுப்பித்தால் அந்தப் பணத்தை மறந்துவிட வேண்டியதுதான். அதையும் செலவில் எழுதிய பிறகுதான் எனக்கு உண்மையான தொகை தெரிந்தது.

கடைசியில் ஐந்து ஆண்டு எடுத்தோம். பெரியவன் சீக்கிரமே கட்டாய ராணுவப் பணியான தேசிய சேவைக்குப் போய்விடுவான். சின்னவள் இன்னும் நாலைந்து வருடம்தான் எங்களோடு மலேசியாவின் மலாக்காவுக்கு வருவாள். அதற்குப் பிறகு ஏழு இருக்கை யாருக்கு? உண்மையைச் சொன்னால் இப்போதே மூன்றாவது வரிசையில் பெரியவர்கள் உட்கார்ந்தால் முழங்கால் முகவாயை இடிக்கும்.

பணம் கட்டியதோடு முடிந்தது என்று நினைத்தேன். பத்து வயது தாண்டிய காருக்கு வாகனச் சோதனை ஆண்டுதோறும். அதுவரை இரண்டு ஆண்டுக்கு ஒரு முறைதான். அதில் தேறினால்தான் சாலை வரி கட்ட முடியும். அந்த வரியும் ஏறும். முதல் ஆண்டு 10 விழுக்காடு கூடுதல், அப்புறம் ஆண்டுக்குப் பத்துப் பத்தாகக் கூடி 50-இல் நிற்கும். 1,634 வெள்ளியாக இருந்த எங்கள் வரி உடனே 1,800-ஐ நெருங்கிவிட்டது.

சோதனைக்கு முந்தின இரவு கார்பார்க்கில் வண்டியின் பின்பக்கச் சாமான் பெட்டியைக் காலி செய்தேன். மடக்கிய கடைசி இருக்கைகளை நிமிர்த்தியபோது, போன தீபாவளி முறுக்கு ஒன்று பெல்ட் சொருகும் ஓட்டைக்குள் கல்லாகிக் கிடந்தது. கோணி ஊசியால் அரை மணி நேரம் குடைந்து எடுத்தேன். இனி எந்தக் குறையும் இல்லை என்ற தெம்போடு காலையில் போனேன்.

சாவியை வாங்கிக்கொண்டு அவர்களே ஓட்டிப் போனார்கள். பிரேக், புகை, முகப்பு விளக்கு எல்லாம் சரி. ஆனால் கையில் கொடுத்த தாளில் இரண்டு குறை இருந்தது. ஒன்று முழுக்க என் சொந்தச் சம்பாத்தியம். முந்தின வருடம் எல்லைக்கு அப்பால் ஜோகூரில் மலிவாகக் கிடைக்கிறதே என்று முன் கதவுக் கண்ணாடிகளுக்குக் கறுப்பு ஃபிலிம் ஒட்டியிருந்தேன். முன் கண்ணாடியிலும் முன் கதவுகளிலும் குறைந்தது 70 விழுக்காடு வெளிச்சம் உள்ளே வர வேண்டும். பின்பக்கத்துக்கு 25 போதும். என்னுடையது எங்கேயோ பாதாளத்தில் இருந்தது.

இன்னொன்று வண்டிக்கு அடியில். காக்கி புக்கிட்டில் நான் வழக்கமாகப் போகும் பட்டறையில் தினமும் ஜோகூரிலிருந்து வந்து போகும் தம்பி ஒருவர் இருக்கிறார். காரைத் தூக்கி நிறுத்தி, டார்ச் அடித்துக் காட்டினார். முன் சக்கரத்துக்குப் பின்னால், டிரைவ் ஷாஃப்டை மூடியிருக்கும் மடிப்பு மடிப்பான ரப்பர் உறை கிழிந்து, கிரீஸ் சுற்றிலும் தெறித்துக் காய்ந்திருந்தது. பக்கத்திலேயே அதிர்வைத் தாங்கும் சஸ்பென்ஷன் ரப்பர் புஷ்ஷிலும் விரிசல்.

"அண்ணே, இது வெயிட்டான வண்டி. சின்னக் கார்ல இதெல்லாம் இன்னும் கொஞ்ச நாள் தாங்கும். சோதனை முடிஞ்சா டயரையும் ஒரு தடவை பாத்துருங்க."

பெரிய வண்டியில் அதுதான் வயிற்றெரிச்சல். டயர் 18 அங்குலம், என்ஜின் ஆயிலும் கூடுதலாகக் குடிக்கும். ஒவ்வொரு செலவும் ஒரு சைஸ் பெரிது. பார்க்கிங் கட்டம் மட்டும்தான் எல்லாருக்கும் ஒரே அளவு, 2.4 மீட்டர் அகலம். எங்கள் கார் 1.8 மீட்டர். பக்கத்துக்கு ஒரு முழம்கூட இல்லை. மாமியாரை முதலில் இறக்கிவிட்டுத்தான் வண்டியை உள்ளே விடுவேன். மலாக்கா பயணத்துக்குக் கூரையில் பெட்டி மாட்டினால் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்) அடுக்குமாடிக் கார்பார்க்கின் 2.15 மீட்டர் உயர வரம்புப் பலகையைக் கடக்கும்போது எனக்கே தலை தானாகக் குனியும்.

ரப்பர் உறையும் புஷ்ஷும் மாற்ற ஒரு நாள் ஆனது. ஃபிலிமை நானே உரிக்கிறேன் என்று மனைவியின் ஹேர் டிரையரோடு உட்கார்ந்தேன். ஃபிலிம் வந்தது, பசை வரவில்லை. கடைசியில் அதற்கும் காசு கொடுத்துத்தான் சுத்தம் செய்தேன். மறுசோதனையில் அந்த இரண்டையும் பார்த்துவிட்டுத் தேறியது என்றார்கள். அன்று மாலையே ஒன்மோட்டரிங் இணையத்தளத்தில் சாலை வரியைக் கட்டினேன்.

மறுவாரம் தேக்கா சந்தைக்குப் போனபோது மாமியார் வழக்கம்போல முன் இருக்கையில் உட்கார்ந்தார். பிஐஇ விரைவுச்சாலையில் ஏறியதுமே வெயில் நேராக அவர் மடியில் விழுந்தது. "ஐம்பதாயிரம் கட்டினியே, கண்ணாடியக் கறுப்பாக்க மாட்டாங்களா?" என்றார். இப்போது வீட்டைவிட்டுக் கிளம்பும்போதே ஒரு துண்டை எடுத்துவந்து கதவில் மாட்டிவிடுகிறார்.