பனாமா சாக்கின் சாவி

கப்பலுக்குப் புதிதாக வரும் கேடட்டை, அதாவது பயிற்சி அதிகாரியை, ஒருமுறையாவது அலையவிடாமல் தளத்து ஆட்களுக்குத் தலைவரான எங்கள் போசனுக்குச் சோறு இறங்காது. தூத்துக்குடிக்காரர். தொழிலில் புலி, குசும்பில் அதைவிடப் பெரிய புலி.

இந்தமுறை மாட்டியது நாங்குநேரிப் பக்கத்துப் பையன். முன்தளத்துக்கு அழைத்துப்போய் முதலில் உருப்படியாகத்தான் சொல்லிக்கொடுத்தார். இரட்டைத் தூணாக நிற்கும் பிட்ஸில் கயிறு கட்டுவது எப்படி என்று செய்தே காட்டினார். "நைலான் கயிறு வழுக்கும்லே. முதல் தூணுல ரெண்டு சுத்து, அப்புறந்தான் எட்டு போடணும்." தூண் எவ்வளவு தாங்கும் என்று அதில் வெல்டிங்கால் எழுதியிருந்த டன் கணக்கைப் படிக்கச் சொன்னார். கயிற்றுக்கு வழிகாட்டும் உருளையான ரோலர் ஃபேர்லீடின் நிப்பிளில் கிரீஸ் அடிக்கவைத்தார். உருளை இறுகிவிட்டால் கயிறு அதில் தேய்ந்தே நைந்துபோகும் என்றார். எல்லாம் உண்மை.

அடுத்து பனாமா சாக், கப்பல் ஓரத்தில் கயிறு வெளியே போகும் வழி. உளுந்தவடையை நிமிர்த்தி வைத்ததுபோல வார்ப்பு எஃகில் ஒரு வளையம், அவ்வளவுதான். 1914-இல் திறந்த பனாமா கால்வாயின் பழைய லாக்குகளில், அதாவது தண்ணீரை ஏற்றி இறக்கிக் கப்பலைக் கடத்தும் தொட்டிகளில், சுவர்மேல் ஓடும் ரயில் எஞ்சின்கள்தான் கம்பி வடத்தால் கப்பலைப் பிடித்து நிற்கும். தண்ணீர் ஏற இறங்க, வடம் மேலிருந்தும் இழுக்கும், கீழிருந்தும் இழுக்கும். துள்ளி வெளியே வராமலிருக்கத்தான் மேலேயும் மூடிய இந்த வளையம். அசையும் பாகம் ஒன்றுகூடக் கிடையாது.

"இது பூட்டிக் கெடக்கு. சீஃப் ஆபீசர்ட்ட சாவி வாங்கிட்டு வா தம்பி" என்றார் போசன்.

சீஃப் ஆபீசர் முகத்தில் சிரிப்பே இல்லை. "செகண்ட் இன்ஜினியர்கிட்ட இருக்கு." அவர் பெரிய ஸ்பேனர் ஒன்றைத் தூக்கிக் கொடுத்து, இது சேராவிட்டால் குக்கிடம் கேட்கச் சொன்னார். பையன் சாயங்காலம் வரை ஏறி இறங்கினான்.

வழக்கமாகக் கதை இங்கே முடியும். ஆனால் ஸ்டோர் பட்டியலைத் தட்டச்சு செய்வதும் கேடட் வேலைதான். பெயிண்ட், கிரீஸ், தூரிகைகளுக்கு நடுவே 'பனாமா சாக் சாவி - 2' என்று சேர்த்துவிட்டான். கேப்டன் கையெழுத்தும் ஆகிவிட்டது. கேப்டன்கள் பெயிண்ட் பட்டியலைப் படிப்பார்கள் என்றா நினைக்கிறீர்கள்?

அலுவலகத்திலிருந்து பதில் வந்தது. தயாரிப்பாளர் யார், பாக எண் என்ன, பழைய சாவி எப்படித் தொலைந்தது? புகைப்படம் இணைக்கவும்.

கேப்டன் போசனைக் கூப்பிட்டு, "போட்டோவை நீங்களே எடுத்து அனுப்புங்க" என்றார். போசன் வளையத்தை நான்கு பக்கமும் படமெடுத்து அனுப்பினார். விவகாரம் அதோடு செத்தது என்று அவர் நினைத்துக்கொண்டிருந்தார்.

சிங்கப்பூரில் ஸ்டோர் சாமான்கள் ஏறின. ஒரு பிளாஸ்டிக் பையில் புத்தம்புது பித்தளைப் பூட்டு, இரண்டு சாவிகள், மேலே 'பனாமா சாக்' என்று லேபிள். டெலிவரி ரசீதில் போசன் கையெழுத்து.

எல்லாரும் நிற்கும்போது பையன் பணிவாக அதை நீட்டினான். "அண்ணாச்சி, சாவி வந்துட்டு. எப்படித் தொறக்கணும்னு ஒருதடவ காட்டுதீயளா?"